காட் மீன் வயிற்றில் வெள்ளைச் சுருள் புழு: இது உண்மையிலேயே திமிங்கிலத்தின் புழுவா?

மீன்சட்டி
14 ஏப்ரல், மாலை 6.10

வணக்கம். நோர்வேயின் வடக்கே டிரொம்சோவில் இருக்கிறேன். சனிக்கிழமை துறைமுகத்தில் நான்கு கிலோ வரும் முழு காட் மீன் ஒன்று வாங்கி வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் அம்மா வந்து நிற்கிறார். "வெட்டிப் பெட்டியில் அடைத்த மீனில் என்ன ருசி இருக்கும்?" என்று வந்த நாள் முதல் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் முழு மீன். கத்தியைத் தீட்டி, பழைய செய்தித்தாளை விரித்து, ஆசையாக உட்கார்ந்தார்.

வயிற்றைக் கீறியதும் ஈரல் மேல் வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள். பழைய கைக்கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே ஒரு சுருள்வில் இருக்குமே, அதே வடிவம். அம்மா ஒன்றைக் கத்தி நுனியால் எடுத்துத் தட்டில் வைத்தார். அரை நிமிடத்தில் அது சோம்பலாக விரிந்து நெளியத் தொடங்கியது. அம்மாவும் எழுந்துவிட்டார். குருநகர்ச் சந்தையில் அறுபது வருடம் மீன் வாங்கியவர். பாரை, விளை, ஒட்டி, சுறா எல்லாம் வெட்டிய கை. "இப்படி ஒரு சீவனைக் கண்டதேயில்லை" என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் மீனைப் பையோடு கட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு நோர்வே மூதாட்டி கேட்டுவிட்டுச் சிரித்தார். இதன் பெயர் "க்வெய்ஸ்" என்றார். "அது திமிங்கிலத்தின் புழு. மீன் அதற்கு பஸ், அவ்வளவுதான்" என்றார்.

திமிங்கிலத்தின் புழு மீனுக்குள் ஏன் வருகிறது? சமைத்தால் ஆபத்தில்லையா? அம்மாவை இனி மீன் தின்ன வைப்பது எப்படி என்பதற்கும் யாராவது வழி சொன்னால் புண்ணியம்.

---

கேள்விக்குறி
14 ஏப்ரல், இரவு 7.02

இதில் என்ன மர்மம்? கடலில் கொட்டாத கழிவில்லை. மீன் பண்ணைகளின் அழுக்கும் சேர்கிறது. அழுகிய இடத்தில் புழு வரும். நான் மீனை விட்டு ஆறு வருடம் ஆகிறது.

---

வடகடல்
14 ஏப்ரல், இரவு 9.45

தங்கச்சி, அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் புழுவோடு நான் ஏழு வருடம் குடும்பம் நடத்தியவன்.

1987இல் நோர்வேக்கு வந்தேன். ஒரு வருடம் மொழி படித்துவிட்டு, எங்கள் ஆட்கள் பலரைப் போலவே நாட்டின் வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழாத ஊர். உள்ளே ஒரு நீண்ட மேசை. அதன் மேற்பரப்பு பால் நிறக் கண்ணாடி, அடியில் குழல் விளக்குகள். தோலுரித்த காட் சதையை அதன்மேல் பரப்பினால் சதை ஒளி ஊடுருவி, முட்டை ஓட்டை விளக்கில் பிடித்தாற்போல் மின்னும். புழு இருந்தால் நிழலாக விழும். கத்தி நுனியால் கிள்ளி எடுத்து, கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்த துண்டு. எட்டு மணி நேரமும் இதே வேலை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் இமைக்குள்ளும் சுருள்கள் தெரியும். தமிழில் நாங்கள் அதைப் "புழு மேசை" என்றுதான் சொன்னோம்.

மேசையில் இரண்டு சாதிப் புழுக்கள் வரும். ஒன்று செம்பழுப்பு. கொஞ்சம் தடிப்பு, நீளமும் கூட. அது சதைக்குள் ஆழப் போயிருக்கும். மேற்பார்வையாளர் அதைச் சீல் (கடல்நாய்) புழு என்பார். மற்றது உங்கள் அம்மா கண்ட வெள்ளைச் சுருள். அது பெரும்பாலும் ஈரலையும் குடலையும் ஒட்டியே கிடக்கும். சதைக்குள் போயிருந்தால் வயிற்றுப் பக்கத்து மெல்லிய மடலில்தான். அதனால் சந்தேகமே வேண்டாம் என்று அந்த மடலை முழுதாக வெட்டித் தள்ளுவார்கள்.

கேள்விக்குறித் தம்பிக்கு ஒரு சொல். அழுகிய மீனில் வருவது ஈயின் புழு. இது உயிருள்ள மீனுக்குள் உயிரோடு இருப்பது. உலகத்தில் சுத்தமான கடல்களில் ஒன்றான பேரன்ட்ஸ் கடலில் பிடித்து, துடிக்கத் துடிக்கக் கரை சேர்ந்த மீனில்தான் நான் இவற்றைக் கிள்ளினேன்.

---

நுண்ணோக்கி
15 ஏப்ரல், காலை 8.20

வடகடல் அண்ணா சொன்ன இரண்டு சாதியும் சரியான பிரிவு. செம்பழுப்பு சூடோடெரனோவா. அதன் வீடு சீலின் வயிறு. வெள்ளைச் சுருள் அனிசாகிஸ். அதன் வீடு திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்), அதைப் போன்ற சிறிய கடற்பன்றி ஆகியவற்றின் இரைப்பை. நான் கால்நடை மருத்துவம் படித்தவள். ஜெர்மனியின் வடகரையில் ஒதுங்கும் கடற்பன்றிகளை அறுத்துப் பார்க்கும் குழுவில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

அந்த மூதாட்டியின் பஸ் உவமையை வகுப்பிலேயே சொல்லலாம். திமிங்கிலத்தின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது. முதல் அறையில் முதிர்ந்த அனிசாகிஸ் கொத்துக் கொத்தாக, தலையைச் சுவருக்குள் புதைத்துக்கொண்டு நிற்கும். அந்த இடம் புண்ணாகி, விளிம்பு தடித்து, ஒரு கிண்ணம்போல் குழிந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது சேமியாவைப் பிடிபிடியாக நட்டு வைத்ததுபோல் இருந்தது. அதன் பிறகு பல மாதம் சேமியாப் பாயசம் குடிக்கவில்லை.

அங்கே ஆணும் பெண்ணும் கூடி இடும் முட்டைகள் சாணத்தோடு கடலில் விழுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய இளம்புழுவை கிரில் எனும் கூனி இறால் போன்ற சிற்றுயிர்கள் விழுங்குகின்றன. கூனியை ஹெர்ரிங் எனும் சிறுமீன் தின்கிறது, கணவாய் தின்கிறது. ஹெர்ரிங்கைக் காட் தின்கிறது. ஒவ்வொரு தடவையும் புழு சாகாமல் புது வயிற்றின் சுவரைத் துளைத்து வெளியேறி, அங்கேயே சுருண்டு படுத்துவிடும். மீனுக்குள் அது வளர்வதில்லை, காத்திருக்கிறது. சின்ன மீனில் இரண்டு மூன்று இருக்கும். அதைப்போல் நூறு மீனைத் தின்ற கிழட்டுக் காட்டில் மொத்தமும் சேர்ந்திருக்கும். ஒரு நாள் அந்த மீனைக் கடற்பன்றியோ மின்கே திமிங்கிலமோ விழுங்கினால், வெதுவெதுப்பான அந்த வயிற்றில் புழு விழித்து, இரண்டு தடவை சட்டை உரித்து, முதிர்ந்துவிடும்.

மனிதன் பச்சையாகத் தின்றால்? வெதுவெதுப்பு இருக்கிறது, இரைப்பை இருக்கிறது. வீடு வந்துவிட்டது என்று புழு இறங்கிவிடுகிறது. தவறான நிறுத்தம்! நம் இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். முதிரவும் முடியாது, முட்டையிடவும் முடியாது, சில நாளில் செத்துப்போகும். ஆனால் அதற்குள் நமக்கு உயிர் போகிற வயிற்று வலி.

சமையல் பற்றி: மீனின் நடுப்பகுதி 60 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே புழு செத்துவிடும். பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 பாகையில் 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அமெரிக்க விதி அதே குளிரில் 7 நாள் என்கிறது. வீட்டு உறைபெட்டிகளை அவ்வளவாக நம்ப முடியாது என்பதால் நான் 7 நாள் கட்சி.

பண்ணை அழுக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், பண்ணை சால்மனில்தான் இந்தப் புழு அநேகமாக இருப்பதில்லை. அது தின்பது உலர்தீவனம். கூனியும் இல்லை, ஹெர்ரிங்கும் இல்லை. பஸ் அந்தப் பக்கம் போவதில்லை.

---

கிழக்குத்திசை
15 ஏப்ரல், காலை 9.05

தோக்கியோவிலிருந்து. தவறான நிறுத்தத்தில் இறங்கிய அந்த ஒன்று என் வயிற்றில்தான் இறங்கியது.

இரண்டு வருடத்துக்கு முன், வினிகரில் ஊறவைத்த கானாங்கெளுத்தி. நள்ளிரவில் வயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிவதுபோல் வலி. விட்டு விட்டு வரும். மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே, "நேற்று கானாங்கெளுத்தி தின்றீர்களா?" என்பதுதான். வாய் வழியாகக் குழாய் இறக்கினார்கள். திரையில் இளஞ்சிவப்புச் சுவரில் ஒரு வெள்ளை நூல் பாதி புதைந்து ஆடிக்கொண்டிருந்தது. சிறு இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள். சிறிது நேரத்தில் வலி அடங்கிவிட்டது. ஒரு புட்டியில் போட்டு என்னிடம் காட்டினார் மருத்துவர். இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான்.

வினிகர் கொல்லாது, உப்பு கொல்லாது, வசாபியும் கொல்லாது. எல்லாரும் கொல்லும் என்றுதான் நினைக்கிறார்கள்.

இன்னொன்று. தோக்கியோவில் கானாங்கெளுத்தியைச் சுத்தப் பச்சையாகத் தின்னப் பயப்படுவார்கள். மேற்கே புக்குவோக்காவில் எள் தூவிப் பச்சையாகவே தின்பது ஊர்ப் பழக்கம், பெயர் கோமாசபா. முன்பு இதை வட்டாரத் துணிச்சல் என்று நினைத்திருந்தேன். காரணம் புழுவிலேயே இருக்கிறது. பசிபிக் பக்கத்து மீனில் இருப்பது அனிசாகிஸ் சிம்ப்ளெக்ஸ், அது சதைக்குள் நகரும் குணமுள்ளது. புக்குவோக்கா பக்கத்துக் கடலில் மிகுதியாக இருப்பது அனிசாகிஸ் பெக்ரெப்பி எனும் உறவினன், அது பெரும்பாலும் குடலோடு கிடந்துவிடும். குடலை எறிந்தால் பெரும்பங்கு புழுவும் போயிற்று. அதற்காக அங்கே யாருக்கும் வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

---

கேள்விக்குறி
15 ஏப்ரல், மதியம் 12.30

சரி, அழுகல் என்றது என் தவறு. வாபஸ். ஆனால் வயிறு நிறையப் புண்ணும் புழுவும் இருந்தால் திமிங்கிலம் எப்படி உயிரோடு இருக்கிறது?

தவிர, 8 மீட்டர் நீளப் புழு திமிங்கிலத்துக்குள் இருக்கிறது என்று முகநூலில் ஒரு செய்தி சுற்றுகிறது. வீட்டுக் கூடமே 8 மீட்டர் வராது. இதையும் உண்மை என்று சொல்லப் போகிறீர்களா?

---

நுண்ணோக்கி
15 ஏப்ரல், இரவு 8.50

சொல்லத்தான் போகிறேன். உங்கள் கூடத்தைத் தாண்டி வாசல் வரை வரும்.

பெயர் பிளசன்டோனீமா ஜைகான்டிசிமா. குரில் தீவுகள் அருகே சோவியத் வேட்டையில் பிடிபட்ட ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலத்தில் கண்டெடுத்து, 1951இல் குபானொவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் விவரித்தது. (அம்பர் தரும் திமிங்கிலம் என்றால் பலருக்குப் புரியும். நம் செய்தித்தாள்கள் அதைத் "திமிங்கில வாந்தி" என்று எழுதுவது தனிக் கொடுமை. அம்பர் குடலில் உருவாவது.) பெண் புழு 8.4 மீட்டர் வரை நீளம், இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பு. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் அதில் பாதிகூட இல்லை. நம் ஊரில் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்து வெளியேற்றுகிற நாக்குப்பூச்சி ஓர் அடி வரை வளரும், அதற்கு இரண்டு சூலகம் (முட்டை உருவாகும் உறுப்பு). இதற்கு 32.

ஆனால் என்னை உறங்க விடாத செய்தி நீளம் அல்ல, அது இருந்த இடம். குடலிலோ ஈரலிலோ இல்லை, நஞ்சுக்கொடியில்! ஸ்பெர்ம் திமிங்கிலம் 14 முதல் 16 மாதம் வரை சூல் சுமக்கும். பிறக்கும் கன்று நான்கு மீட்டர். அதாவது கன்றைப்போல் இரு மடங்கு நீளமுள்ள ஒன்று, கன்றுக்குச் சோறு போகும் வழியில் பந்தி போட்டு உட்கார்ந்திருக்கிறது. பிரசவத்தோடு கழிந்துபோகும் ஓர் உறுப்பை வீடாகத் தேர்ந்தெடுத்த புழு.

இப்போது முதல் கேள்வி. அனிசாகிஸ் திமிங்கிலத்தைக் கொல்வது அரிது. குடியிருக்கும் வீட்டை இடித்தால் அதற்கும் தெரு. புண் பெரிதாகி இரைப்பை ஓட்டையானால் வேறு கதை, ஆனால் பெரும்பாலான விலங்குகள் தாங்கிக்கொள்கின்றன. ஒரு கடற்பன்றி வயிற்றில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த விலங்கு செத்தது வலையில் சிக்கி, கொழுப்பு நல்ல தடிப்பாகத்தான் இருந்தது.

கொல்கிற சாதி வேறு. கிராசிகாடா என்று ஒன்று. துடுப்புத் திமிங்கிலத்தின் சிறுநீரகத்தில் வாழும். தலையும் முன்னுடலும் சிறுநீரகத் தசைக்குள் பின்னிப் புதைந்து, வால் சிறுநீர் போகும் குழாயில் தொங்கும். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். முழுதாக உருவி எடுப்பது அநேகமாக முடியாத காரியம், நூல் அறுவதுபோல் அறுந்துவிடும். 1980களில் ஐஸ்லாந்தில் வேட்டையாடிய துடுப்புத் திமிங்கிலங்களை லாம்பர்ட்சென் என்பவர் ஆராய்ந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விலங்குகளில் இது இருந்தது. இரத்தக் குழாய்கள் வீங்கி, அடைபட்டு, சிறுநீரகம் செயலிழக்கும். அந்த இனத்தின் இயற்கையான சாவுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று அவர் எழுதினார். பூமியிலேயே இரண்டாவது பெரிய விலங்கு.

இதே கிராசிகாடாவின் உறவினர்கள் ஓங்கில்களின் மண்டையோட்டு எலும்பை அரிப்பார்கள், சில இனங்களில் பால்சுரப்பியில் குடியேறிக் கன்றின் பாலையே கெடுப்பார்கள். கிழக்குப் பசிபிக்கில் சூரை வலைகளில் சிக்கிய புள்ளி ஓங்கில்களின் மண்டையோடுகளை ஆராய்ந்து, இயற்கைச் சாவில் 11 முதல் 14 விழுக்காட்டுக்கு இந்தப் புழு பொறுப்பு என்று பெரினும் பவர்ஸும் 1980இல் கணக்கிட்டார்கள். எலும்பிலேயே தடயம் இருப்பதால் போட முடிந்த கணக்கு அது. மென்தசையில் வாழும் புழுவுக்கு இப்படிக் கணக்குப் போட எலும்பு சாட்சி சொல்ல வராது.

---

அகராதிக்காரன்
15 ஏப்ரல், இரவு 10.15

இடையில் ஒரு சொற்சண்டை. "நாக்குப்பூச்சி" என்று எழுதினீர்கள். எங்கள் மாவட்டத்தில் அது மண்புழுவுக்கும் பெயர். யாழ்ப்பாணத்தார் "நாக்கிளிப்புழு" என்றால் அதுவும் மண்புழுதான். இழையை மேலோட்டமாகப் படிக்கிறவன் திமிங்கில வயிற்றில் மண்புழு என்று நம்பிவிடுவான். உருளைப்புழு என்றே எழுதலாமே.

"கடற்பன்றி" எனக்கு உறுத்தவில்லை. ஓங்கிலும் கடற்பன்றியும் வேறு என்பதைத் தமிழில் யாராவது பிரித்து எழுதுகிறார்கள் என்பதே மகிழ்ச்சி.

---

வடகடல்
15 ஏப்ரல், இரவு 10.40

எங்கள் தொழிற்சாலையில் மண்புழு, நாக்கிளிப்புழு, உருளைப்புழு என்ற பேதம் இருக்கவில்லை. ஒரு துண்டில் ஒன்று தப்பினால் மேற்பார்வையாளரின் முகம் மட்டும் தெரியும்.

---

மணப்பாட்டான்
16 ஏப்ரல், காலை 7.15

நான் திருச்செந்தூர்ப் பக்கம். 2016 சனவரியில் எங்கள் கரையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மணப்பாடு, கல்லாமொழி ஓரமாக எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஏறிவிட்டன. விடிய விடியக் கயிறு கட்டிப் படகில் இழுத்து ஆழத்தில் விட்டோம். விட்டவை திரும்பி வந்தன. நான் இழுத்த ஒன்று மூச்சு விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, பெரிய மனிதன் பெருமூச்சு விட்டதுபோல். 1973இலும் இதே கரையில், இதே சனவரியில், 147 ஏறியதாகப் பதிவு இருக்கிறது. என் தாத்தா அதைப் பார்த்தவர்.

அப்போது பலரும் பல காரணம் சொன்னார்கள். ஒரு வாத்தியார், "காதுக்குள் புழு ஏறித் திசை தப்பிவிட்டது" என்றார். நுண்ணோக்கி அக்காவிடம் கேட்கிறேன். அது உண்மையா?

---

நுண்ணோக்கி
16 ஏப்ரல், இரவு 9.30

தம்பி, வாத்தியார் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு புழுக்களை ஒன்றாக்கிவிட்டார்.

ஓங்கில் குடும்பத்தின் காதைச் சுற்றியுள்ள எலும்புப் பைகளில் ஸ்டெனூரஸ் என்ற உருளைப்புழு வாழ்கிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பைலட் திமிங்கிலத்துக்கென்றே ஒரு சாதி உண்டு, கடற்பன்றிக்கு ஒன்று. நான் அறுத்த கடற்பன்றிகளில் காதுப் பையைத் திறந்தால் பழைய தலையணையைக் கிழித்ததுபோல் கொத்தாக வெளியே வரும். ஒரு பக்கத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில். பார்ப்பவர் யாரும், "இது எப்படிக் கேட்டது?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் வலையில் சிக்கிச் செத்த, மற்றபடி திடமான விலங்குகளிலும் இதே கூட்டம் இருக்கிறது. பரோயே தீவுகளில் வேட்டையாடிய பைலட் திமிங்கிலங்களிலும் சர்வ சாதாரணம். எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒன்றைத் திருடன் என்று எப்படிப் பிடிப்பது?

கேட்கும் நரம்பையே அரித்துத் திசை தப்பச் செய்வதாகச் சான்று உள்ளது நாசிட்ரீமா எனும் தட்டைப்புழுவுக்கு. அது உருளைப்புழுவே அல்ல. அந்தச் சான்றும் தனித்தனியாகவும் சிறு கூட்டமாகவும் ஒதுங்கிய விலங்குகளில். எண்பது விலங்குகளுக்கு ஒரே இரவில் காது கெடாது. பைலட் திமிங்கிலத்தின் பலவீனம் அதன் பாசம். ஒன்று போனால் எல்லாம் பின்னால் போகும். நீங்கள் இழுத்துவிட்டவை திரும்பி வந்ததும் கரையில் கிடந்த சொந்தத்தைத் தேடித்தான் இருக்கும். மெல்லச் சரியும் மணல் கரையில் எதிரொலியும் அவற்றுக்குச் சரியாகத் திரும்புவதில்லை.

கடற்பன்றியை நிஜமாகவே வதைப்பது நுரையீரல் புழு. சூடாலியஸ் என்ற ஒன்று மூச்சுக்குழல்களிலும், அங்கிருந்து இரத்தக் குழாயிலும், சில வேளை இதயத்தின் வலது அறை வரையிலும் இருக்கும். நான் முதலில் அறுத்தது ஒரு வயதுக் குட்டி. நுரையீரலைக் கத்தரித்தபோது கத்தரியில் நூடுல்ஸ் சிக்கியதுபோல் சிக்கியது. சுற்றிலும் சீழ். புழு வழி திறந்துவிட, பாக்டீரியா நுழைந்து நிமோனியா. புதிதாகப் பிறந்த குட்டிகளில் இந்தப் புழு இருப்பதில்லை, மீன் தின்னத் தொடங்கிய பிறகே வருகிறது. ஆனால் பாட்டில்மூக்கு ஓங்கிலில் ஹாலோசெர்கஸ் என்ற நுரையீரல் புழு தாயின் கருப்பையிலேயே கன்றுக்குத் தொற்றிவிடுகிறது. முதல் மூச்சு இழுக்கும்போதே உள்ளே ஆள் இருக்கிறது.

கேள்விக்குறி ஐயாவின் கழிவு வாதத்துக்கு இங்கே ஓரளவு நியாயம் உண்டு. பிரிட்டன் கரைகளில் ஒதுங்கிய கடற்பன்றிகளை ஜெப்சன் குழு ஒப்பிட்டது. வலையிலோ மோதலிலோ செத்தவற்றைவிட, நோயிலும் ஒட்டுண்ணியிலும் செத்தவற்றின் கொழுப்பில் பிசிபி எனும் தொழிற்சாலை நச்சு அதிகம். கழிவு புழுவை உண்டாக்கவில்லை. புழுவைத் தாங்கும் உடலின் வலிமையைக் குறைக்கிறது.

---

கேள்விக்குறி
17 ஏப்ரல், காலை 11.00

பார்த்தீர்களா, சுற்றி வந்து என்னிடமே வந்தீர்கள்.

நானும் தேடினேன். 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு: 1978 முதல் 2015 வரையிலான காலத்தில் மீன்களில் அனிசாகிஸ் 283 மடங்கு பெருகியிருக்கிறது. இருநூற்று எண்பத்து மூன்று மடங்கு! கடல் நாசமாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

---

நுண்ணோக்கி
17 ஏப்ரல், இரவு 8.10

நல்ல ஆய்வைத்தான் எடுத்தீர்கள், தலைகீழாகப் படித்துவிட்டீர்கள்.

அனிசாகிஸுக்கு வேண்டியவை என்னென்ன? கூனி, மீன், கடைசியில் ஒரு திமிங்கிலம். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் அது வாழாது. நாசமான கடலில் முதலில் அழிவது இதுபோல் பல வீடு மாறும் ஒட்டுண்ணிதான். 1978இல் கணக்கு ஏன் அவ்வளவு குறைவு? திமிங்கிலங்களைக் கொன்று தீர்த்திருந்தோம். அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் 1972இல் வந்தது. வணிக வேட்டைக்கான சர்வதேசத் தடை 1982இல் முடிவாகி 1986இல் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு பல இனங்கள் மீண்டு வருகின்றன. வீடுகள் பெருகினால் குடிவந்தவர்களும் பெருகுவார்கள். கடல் சூடாவதும் காரணமாக இருக்கலாம் என்று அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், முழுப் பங்கையும் திமிங்கிலத்துக்கே எழுதிவிட முடியாது. அதே ஆய்வில் செம்பழுப்புச் சீல் புழு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அலாஸ்கா சால்மனை அடைத்த 178 பழைய டின்கள். 1979 முதல் 2021 வரை பிடித்த மீனை அடைத்து, சியாட்டிலில் ஒரு மூலையில் சும்மா கிடந்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து, சதையைப் பிரித்து, வெந்துபோன புழுக்களை எண்ணினார்கள். 2024இல் முடிவு வெளியானது. சம், பிங்க் என்ற இரண்டு வகைச் சால்மனில் புழு ஏறியிருந்தது. கோஹோ, சாக்கை இரண்டிலும் மாற்றமில்லை. பழைய டப்பாவை எறியாமல் வைத்திருந்த எந்தப் புண்ணியவானோ, கடலின் நாட்குறிப்பையே சேர்த்து வைத்திருக்கிறார்.

---

வடகடல்
17 ஏப்ரல், இரவு 9.00

இதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். நான் வருவதற்கு முந்திய குளிர்காலத்தில் பல்லாயிரம் ஹார்ப் சீல்கள் பின்மார்க் கரையோரம் இறங்கி, வலைகளில் மாட்டிச் செத்தனவாம். ஊரில் அதே பேச்சு. ஆகவே எங்களுக்குப் புழு என்றால் சீலின் மேல்தான் கோபம். இந்த நாடு இன்னமும் மின்கே வேட்டையாடுகிறது என்பதும் தெரிந்ததே. ஏழு வருடம் நான் கிள்ளி எறிந்த ஒவ்வொரு வெள்ளைச் சுருளும் ஏதோ ஒரு திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து புறப்பட்டு, இன்னொன்றின் வயிற்றுக்குப் போகக் கிளம்பியது என்று யாரும் அப்போது சொல்லவில்லை. கிண்ணத்தை மாலையில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவோம்.

---

கேள்விக்குறி
17 ஏப்ரல், இரவு 11.20

மீன் தின்ன மாட்டேன் என்பதில் மாற்றமில்லை. புழு நல்ல அறிகுறி என்பதை வேண்டுமானால் யோசித்துச் சொல்கிறேன்.

---

கிழக்குத்திசை
18 ஏப்ரல், காலை 5.50

நல்ல அறிகுறி என்று என் வயிற்றிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். சிலருக்குச் செத்த புழுவாலும் ஒவ்வாமை வரும். அதன் புரதங்களில் சில சூட்டுக்கு அழிவதில்லை. மீன் தின்றதும் தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்து, மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்குக் காரணம் மீன் அல்ல, இதுதான். மருத்துவரிடம் அனிசாகிஸ் என்ற பெயரைச் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

---

மீன்சட்டி
26 ஏப்ரல், மாலை 5.30

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 8 மீட்டர் கதையில், "நஞ்சுக்கொடியிலா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, "பாவம், தாய்" என்றார்.

போன சனிக்கிழமை அவராகவே மீன் வாங்கச் சொன்னார். வடகடல் அண்ணாவின் மேசை எங்கள் வீட்டிலும் வந்துவிட்டது. கண்ணாடி டீப்பாயின் அடியில் இரண்டு கைபேசி விளக்குகள், மேலே வெள்ளை எண்ணெய்த்தாள், அதன்மேல் தோலுரித்த சதை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடுக்கியோடு அம்மா. வயிற்று மடலில் மூன்று, ஈரலில் எண்ணவில்லை, முதுகுச் சதையில் ஒன்றுமில்லை. குடலையும் மடலையும் எறிந்துவிட்டு, மற்றதை 7 நாள் உறைய வைத்து, இன்று புளி விட்டுக் குழம்பு. குழம்புக்கு 7 நாள் தேவையில்லை என்றேன், "அந்தப் பிள்ளை சொன்னது 7" என்றுவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரே ஆசை, பஸ் போகிற அந்த வீட்டை நேரில் பார்க்க வேண்டுமாம். இங்கே திமிங்கிலம் வருவது நவம்பரில், ஹெர்ரிங் கூட்டத்தின் பின்னால் என்றேன். விசாவை நீட்டிக்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்.